அவள் அடங்கியிருந்த மூன்று நாள்

பிரசவமான வீட்டைப் பற்றி ஓர் ஆண் எழுதக்கூடாதுதான். அதுவும் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாகத் தெளியாமல் கிடக்கும் விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது காலியான தூளிதான். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் ஒற்றை அறையில், மனைவியின் பழைய பச்சைப் புடவையில் கட்டியது. அவளுக்குத் தாய் இல்லாததால் பிரசவம் பார்க்க வேப்பம்பட்டிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். குழந்தை பிறந்த பத்தாம் நாளிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு தானும் அழுவாள். வீடு வீடாக வந்து தாய்மார்களைப் பார்க்கும் நர்சம்மா, "முதல்ல இவ நல்லாத் தூங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மனைவி கண் அயர்ந்த நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தாள். குழந்தையை அவள் வீட்டிலேயே விட்டு, அவளே பால் கொடுப்பதாக ஏற்பாடு.

"அவ எழுந்து கேட்டா இன்னா சொல்றது?" என்றேன்.

"பொம்பளைங்க விசயத்துல நீ இன்னாடா மூக்க நீட்டிகினு? போய் ரொட்டி வாங்கியா" என்றாள். போனேன்.

எழுந்தவள் தூளியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரவிக்கை பாலில் நனைந்து நனைந்து காய்ந்தது. அதை நான் பார்த்தேன். "பாத்தியா, எப்டி அடங்கிக்கிறா" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் நர்சம்மா வந்தார். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"கொழந்தய எங்க பொதச்சாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்கம்மா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். நர்சம்மாவின் முகம் சிறுத்துவிட்டது. "தூங்கணும்னு சொன்னேன். குழந்தை எங்க இருக்கணும்னு சொல்லாம போயிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றவர், எங்களை அவளைச் சுற்றி உட்காரவைத்தார். இனி எதையும் அவளிடம் சொல்லித்தான் செய்வது. அக்கா கொஞ்ச நேரம், ஷிப்ட் முடிந்து வந்து நான் கொஞ்ச நேரம், குழந்தையை அவள் கண்ணெதிரிலேயே பார்த்துக்கொள்வது என்று பேசி முடிவானது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னையும் கேட்டார்.

மனைவி குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இதுதானா?" என்றாள்.

"இதாண்டி, உன் பொண்ணுதாண்டி" என்று அக்கா அழுதாள்.

நம்பினாளா, எங்களைப் பார்த்து இரக்கப்பட்டுத் தலையாட்டினாளா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் அன்பு தப்பா, நர்சம்மாவின் சொல் தப்பா, ரொட்டி வாங்கப் போன நான் தப்பா, அதுவும் தெரியவில்லை. பெண் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். மனைவியிடம் ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். கேட்டதில்லை.

குழந்தை திரும்பி வந்த மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். போகவில்லை. நர்சம்மா காலையிலேயே வந்தார். மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.