ஒரு மேசையில் இருக்காத மனிதர்

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கட பில்டிங்கில் ஒரு கிறிஸ்தவச் சபைக்காரர் இருந்தார். வேதக்காரரிலேயே மற்றச் சபைகளோடும் சேராத சபை. வெள்ளை முழுக்கைச் சேட்டு, கழுத்துவரை பொத்தான். லிஃப்டுக்குள் நாங்கள் ஏறினால் அவர் இறங்கிவிடுவார். உலகத்தாரோடு ஒட்டக்கூடாதாம். எங்களுக்கென்ன சொறியோ?

ஊரிலிருந்து அவருடைய தாய் வந்தா. நெற்றியில் திருநீறு. ஒருநாள் அவ கறி தந்துவிட்ட சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனன். மகன் மேசையில் தனிய இருந்து சாப்பிடுகிறார். தாய் குசினி நிலத்தில் சோத்துக் கோப்பையோடு இருக்கிறா.

ஆரோடும் வாய் திறவாத நான் அன்றைக்குக் கேட்டுவிட்டன்.

“தம்பி, அம்மா ஏன் கீழ இருக்கிறா?”

“விசுவாசியாத ஆக்களோட ஒரு மேசையில இருந்து சாப்பிடக்கூடாது, அன்ரி.”

“உந்தச் சாப்பாடு ஆர் சமைச்சது?”

“அம்மாதான்.”

“அவ அவிச்ச சோறு உள்ள போகலாம், அவ பக்கத்தில இருக்கக்கூடாதோ?”

அவர் கண்ணை மூடி எனக்காகச் செபித்தார். முடிந்ததும், “அம்மா, சோத்துக்கு இன்னும் கொஞ்சம் சொதி” என்றார்.

தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. அந்தச் சொதி அவருடைய தொண்டைக்குள் எப்படி இறங்கியதோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.