கூரை தெரியாத வீடு

நிலப்படம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, இது காடு, இது வயல், இது வீடு என்று கணினி நாடு முழுக்க வண்ணம் பூசிவிடும். அது பண்ணும் தப்பைத் திருத்துவது அவர் வேலை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவர். மத்தியானச் சாப்பாடுகூடத் திரைக்கு எதிரில்தான். பேச்செல்லாம் கணினியோடு; அதுவும் வசவு.

அன்றைக்குத் திரையில் அவர் பிறந்த வீடு வந்தது. இப்போது அக்கா மட்டும் இருக்கும் வீடு. அதன்மேல் புதருக்கான பச்சை.

“கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?” என்று எரிந்து விழுந்தார். வீட்டுக்கான சிவப்பைப் பூசப் போனவர், படத்தைப் பெரிதாக்கினார். கூரையையே காணோம்.

ரொம்ப நாள் கழித்து அக்காவுக்கு போன் போட்டார்.

“கூரை பூரா கொடி ஏறிடுச்சுடா தம்பி. ஏணியில ஏற என்னால முடியல.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“நாட்டையே மேலேருந்து பாக்கற வேலைன்னு சொன்னியே. நம்ம வீட்டையும் பாத்திருப்பே, பாத்துட்டுத்தான் நீ வராம இருக்கேன்னு நெனச்சேன்.”