முகம் நனையும்வரை

ஈஸ்வரிக்கு ஆறு என்றாலே ஆகாது. வெட்டாற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷமாகியும் அவள் குளித்ததெல்லாம் கொல்லைப்புறத்து வாளித் தண்ணீரில்தான். முழங்கால் சேற்றில் நின்று நாள் முழுக்க நடவு நடுவாள். அந்த வயலுக்குத் தண்ணீர் அனுப்பும் ஆற்றின் படித்துறைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

கல்யாணமான முதல் ஆடியில் அவளைப் பார்க்க வந்த தம்பி பிரபு, அவள் கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படித்துறையில் இறங்கினான். அவள் குண்டானைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். புருஷன் துரைராசு முங்கி முங்கித் தேடி, மதகுப் பக்கம் உடலைக் கண்டெடுத்து மேலே கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஈஸ்வரி முகத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதில்லை. துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிக் கிடந்தபோது பக்கத்து வீட்டு இசைவாணி வந்து ஜெபம் பண்ணினாள், கஞ்சியும் வைத்துக் கொடுத்தாள். கஞ்சிக்கு மயங்கிப் போனவள் என்றது ஊர். ஈஸ்வரி மறுக்கவில்லை. கஞ்சி நின்று வருஷக்கணக்கான பிறகும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனாள். துரைராசு தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, "என்னையும் சேத்துத் தலைமுழுகிடாத" என்றார், சிரிக்காமல்.

பாஸ்டர் விளக்கிச் சொல்லியிருந்தார்: தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு செத்து அடக்கமாவது, வெளியே வருவது அவரோடு உயிர்த்தெழுவது. ஈஸ்வரி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சபை வளாகத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருந்தார்கள். ஈஸ்டருக்கே கொடுத்துவிடலாம், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று பாஸ்டர் தைரியம் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டூர் திறக்கட்டும், ஆற்றில் தண்ணீர் வரட்டும், அந்தப் படித்துறையிலேயே கொடுங்கள் என்றாள். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவளுக்கு எதற்கு இந்த வீம்பு என்று இசைவாணியே சலித்துக்கொண்டாள்.

"நான் செத்தது அங்கதான் அக்கா. வேற எடத்துல எப்படி எந்திரிக்கிறது?"

பாஸ்டர் சரி என்றார்.

தண்ணீர் வந்து கலங்கல் ஓரளவு தெளிந்த ஒரு ஞாயிறு காலையில் சபையார் கரையில் கூடினார்கள். சபைக்குத்தான் வரமாட்டேன், தண்ணிக்கு வருகிறேன் என்று துரைராசும் வந்தார். துண்டைப் படியில் வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் இறங்கி, நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கமாக நெஞ்சளவில் நின்றுகொண்டார்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லி, பாஸ்டர் அவள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி மல்லாக்கச் சாய்த்தார். முதுகு நனைந்தது, கொண்டை நனைந்தது. கழுத்து கட்டையாய் விறைத்துக்கொள்ள, முகம் மட்டும் தண்ணீருக்கு மேலேயே நின்றது. தூக்கிவிட்டார். கரையில் பாட்டுத் தொடங்கிவிட்டது.

"முகம் நனையல பாஸ்டர்."

"பரவால்லம்மா. ஆண்டவர் பாத்துக்கிட்டாரு."

"அவரு பாத்துட்டாருன்னுதான் சொல்றேன். இன்னொரு தடவ அமுக்குங்க."

பாட்டு பாதியில் நின்றது. பாஸ்டர் துரைராசுவைப் பார்த்தார். அவர் ஓரடி நெருங்கி நின்றார், தொடவில்லை.

இந்த முறை ஈஸ்வரி கைக்குட்டையை வேண்டாமென்று தள்ளி, தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு கழுத்தைத் தளரவிட்டாள். தண்ணீர் நெற்றியில் ஏறி மூடியது. பாட்டுச் சத்தம் எங்கோ போய்விட்டது. முப்பது வருஷமாக அவள் எந்த முகத்துக்குப் பயந்தாளோ, அதைப் பார்ப்பதற்காக அந்த மண்கலங்கலில் கண்ணைத் திறந்தாள். பழுப்பு வெளிச்சம்தான் இருந்தது. வேறெதுவும் இல்லை.

எழுந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. படியேறி உட்கார்ந்து, பக்கத்தில் வந்து நின்ற புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"கீழ அவன் இல்லீங்க."

"அன்னிக்கே நான் மேல கொண்டாந்துட்டேனே" என்றார் துரைராசு.

துண்டை எடுத்து நீட்டினார். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்தை மட்டும் துடைக்கவில்லை.