காப்பீட்டின் கடைசிப் பக்கம்

அத்தையின் பயணக் காப்பீட்டுத் தாள்களில் கடைசிப் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. மற்றப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மெருகு கலையாமல் இருந்தன.

குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையைச் சோதித்து வாங்கும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர் அத்தை. மூட்டையின் வாயில் தளிர் எவ்வளவு செழித்திருந்தாலும், அவருடைய கை நேராக அடிக்குத்தான் இறங்கும். அங்கிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரிப்பார். முற்றிய இலையும் காம்பும் தென்பட்டால் மூட்டை வந்த வழியே திரும்பும்.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியபோது அத்தைக்கு ஐந்து வயது. மணமாகியிருந்த அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். அக்காவுக்கு உடல் தளர்ந்துவிட்டது என்று செய்தி வந்ததும், ஓய்வுபெற்றிருந்த அத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று புறப்பட்டார். காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். அத்தைக்கு நெடுநாளாக மூச்சிரைப்பு உண்டு. ஆனாலும் முகவர் சொன்னபடி, ‘ஏற்கெனவே நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தேன்.

தாள்கள் வந்ததும் அத்தை தாள்கட்டைக் கவிழ்த்துப்போட்டு, கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். நோயை மறைத்திருந்தால் காப்பீடு முழுவதுமே செல்லாது என்று அதில் இருந்தது. என் குரல் இறங்கியது.

“நம்ம என்ன எழுதியிருக்கோம் கண்ணு?”

“இல்லைன்னுதானுங்க அத்தை. ஏஜென்ட் அப்படித்தான் போடச் சொன்னாருங்க.”

“காம்பை அடியில ஒளிச்சுக் கொண்டாந்தவங்க எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிச்சிருக்கேன்! இப்ப நானே ஒளிக்கறதாக்கும்? மாத்தி எழுது.”

மாற்றி எழுதினோம். மூச்சிரைப்புக்கான சிகிச்சை தவிர மற்றவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று பதில் வந்தது. “அப்ப மூச்சை நான் பாத்துக்கறேன், மிச்சத்தை அவங்க பாக்கட்டும்,” என்று மூச்சில் இழுக்கும் மருந்துக் குப்பி இரண்டை மடியில் முடிந்துகொண்டு அத்தை விமானம் ஏறினார்.

நான்காம் நாள் தொலைபேசியில் சிரித்தார். “மூச்சு நல்லாத்தான் இருக்குது. அக்கா ஊட்டுப் படியில வழுக்கி, கைதான் முறிஞ்சுபோச்சு!” பழைய நோய் விவரத்தைச் சரிபார்த்த பிறகே காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைச் செலவை ஏற்றுக்கொண்டது. நான் முதலில் எழுதிய ‘இல்லை’ அப்படியே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே என் நினைப்பாக இருந்தது. அத்தைக்கோ வேறொன்றுதான் பெரிதாக இருந்தது. “வலக்கைல கட்டு. நடக்க முடியாத அக்கா, உக்காந்த எடத்துல இருந்தே எனக்குச் சோறு ஊட்டறா. இது அந்தத் தாள்ல எந்தப் பக்கத்துல இருக்குது, சொல்லு?”

அடுத்த மாதம் ஓர் ஆய்வரங்குக்காக நான் வெளிநாடு செல்கிறேன். என் காப்பீட்டுத் தாள்கள் நேற்று வந்தன. முகப்பில் ஒரு குடும்பம் சிரித்தபடி விமானப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கட்டைக் கவிழ்த்துப்போட்டு, அடியிலிருந்த பக்கத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.