சட்டைப் பையில் ஹோட்டல் கார்டு

பாலித் தீவில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஒரு சட்டையைக் கண்டுபிடித்தேன். ஆளைத்தான் காணவில்லை. ஒன்பதரைக்கு ஏர்போர்ட் வேன்.

மயிலாடுதுறையில் ஒரு டிராவல்ஸில் இருபது வருடமாக டூர் மேனேஜர் நான். வெளிநாடு கிளம்பும் ஒவ்வொரு குரூப்புக்கும் இரண்டு பக்கத் தகவல் தாள் கொடுப்பேன். பிளக் என்ன மாதிரி, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, சிம் எங்கே வாங்குவது, நடைபாதையில் பூ வைத்துப் படைத்த ஓலைத்தட்டு கிடந்தால் மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். ஐந்தாம் குறிப்பு மட்டும் தடித்த எழுத்தில்: "ஹோட்டல் கார்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்." அதை எழுதிய அன்று எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த குரூப்பில் வேதையன் என்று ஒருவர். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும், சில வருடம் சேராமலே போகும் கடைமடையில் ஆறு ஏக்கர் வைத்திருப்பவர். நான்கு நாளும் கோயிலையும் கடலையும் விட்டுவிட்டு வேன் ஜன்னல் வழியாக வயலையே பார்த்தார். இங்கே தண்ணீர் எப்போது திறப்பார்கள், கடைசி வயலுக்கு எத்தனை நாளில் வரும் என்று கேட்டார். எந்த மாலில் எந்த மாடியில் டாய்லெட் என்று எனக்குத் தெரியும். இது தெரியாது. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். எங்கள் தொழிலில் அதற்கு, தயவுசெய்து மறந்துவிடுங்கள் என்று பொருள்.

கடைசி நாள் விடிந்ததும் அவரே விசாரிக்கப் போய்விட்டார். போன் அடித்தேன். ஹோட்டலுக்குப் பின்னால் வரப்போரம், ஒரு மூங்கில் கழியில் தொங்கிய சட்டைக்குள் மணி அடித்தது. பையைத் தடவினேன். ஐந்தாம் குறிப்பின்படி கார்டு பத்திரமாக இருந்தது.

பதினெட்டுப் பேருக்கும் ஃபிளைட்டைத் தவறவிடுவதா, ஒருவரை அந்நிய ஊரில் விட்டுவிட்டுப் போவதா? கூட வந்திருந்த அவர் மனைவியிடம் சட்டையை நீட்டினேன். அந்த அம்மாள் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"சட்டையக் கழட்டாம அவரு எந்த வயல்ல எறங்கியிருக்காரு? வாய்க்காலோட கீழ போய்ப் பாருங்க சார்."

முதலில் போன் மேப்பை நம்பினேன். அது ஒரு மசாஜ் கடை வாசலில் கொண்டுபோய் விட்டது. பிறகுதான் வாய்க்காலைப் பிடித்து இறங்கினேன். இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன்.

வாய்க்கால் முடிகிற இடத்தில், முழங்கால் சேற்றோடு, ஒரு பாலிக்காரருடன் நின்றிருந்தார் வேதையன். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. தண்ணீரைப் பங்கு பிரிக்க அதில் வயலுக்கு ஒன்றாகப் பள்ளம் வெட்டியிருந்தது. வேதையன் ஒவ்வொரு பள்ளத்தையும் விரலால் அளந்துகொண்டிருந்தார்.

வேன் வந்துவிட்டது என்றேன், கிட்டத்தட்ட அழுதபடி.

"வாய்க்கா இருக்கையில நான் எங்க சார் தொலைவேன்? மேல ஏறி வந்தா ஹோட்டலு." பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசி வயல் சார் இது. கணுக்கால் தண்ணி நிக்கிது. இதப் பாக்காம எப்படி ஊருக்கு வர்றது?"

வேனைப் பிடித்தோம். ஏர்போர்ட்டில் என் பேன்ட்டில்தான் சேறு அதிகம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: நமக்குத் தெரிந்ததை எழுதித் தருமுன், வருகிறவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். என் தாளில் இப்போது சட்டைப் பை 'இடுப்பு பெல்ட்' ஆகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வியும் கோடிட்ட இடமும் உண்டு: அங்கே எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?

மறுபடியும் பாலிக்கே பெயர் கொடுத்த வேதையன் அதில் எழுதியிருந்தார்: "மேல இருந்துக்கிட்டு தண்ணிய கீழ விடுற அந்தத் தலைமடைக்காரர."