மனைவிக்கு வந்த வீசா

வீசா கையில் இருந்தால் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாமாம் என்று, வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த சலவைக்காரரிடம் அவருடைய அறைத்தோழனின் மச்சான், யாரோ சொல்லக் கேட்டுச் சொன்னார். சலவைக்காரர் அதை நம்பி, மேலாளரின் ஏச்சு தாங்காமல், ஓட்டல் சலவைக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரொட்டிக்கடையில் சேர்ந்தார்.

இன்று காலை கடையின் கணக்கர் அவருடைய வேலை அனுமதி அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, வீசா நாட்டுக்குள்ள வர்றதுக்கு. வேலை பார்க்குற அனுமதி ஓட்டல் பேர்ல இருக்கு. அங்கேருந்து நின்னதும் அது போச்சு. வேலையை மாத்தலாம்னு உங்களுக்குச் சொன்னவர் வக்கீலா?"

"லாரி ஓட்டுறாரு."

"நல்லா ஏத்திவிட்டாரு."

சலவைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ வீட்டுக்காரிக்கு வந்த வீசா?"

"அது உங்க அனுமதியை நம்பித்தானே குடுத்தாங்க? அதுவும் நிக்காது."

ஊரில் அவர் மனைவி பள்ளி ஆசிரியை. இங்கே வருவதற்காக இன்றைக்கு ராஜினாமா கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த வேலையை விட்டால் மறுபடி கிடைக்காது.

மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று அவளை அழைத்தார். பள்ளிக்குள் நுழைந்ததும் போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டுவிடுவது அவள் வழக்கம். மணி போய்க்கொண்டே இருந்தது.