சுவருக்குள் இருந்த படிக்கட்டு

கோயிலில் மாவிளக்கு ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். தனம் மதினி போய்விட்டார் என்று அண்ணன் போன் செய்தார். சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகு சன்னிதியில் நிற்கக் கூடாது. விளக்கை எரியவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

போடியில் 'பிரான்சுக்காரம்மா' என்றால் உங்களுக்கெல்லாம் தெரியும். மதினிதான் அது. அவர் பிறந்தது புதுச்சேரி. அவரும் அண்ணனும் பிரான்சில் ஒரு பிரபுவின் பழைய வேட்டை மாளிகையில் வேலை பார்த்தவர்கள். வேட்டை மாதங்களில் தங்குவதற்கென்றே கட்டியதாம். சுற்றிலும் அகழி, மூலைக்கொரு கோபுரம், கூடம் நிறைய மான்கொம்பு. நேர்கோடாக வெட்டிய காட்டுப் பாதைகளெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும். அங்கே நின்றால் எந்தப் பாதையை மான் கடந்தாலும் தெரிந்துவிடும். ஒருமுறை குரங்கணி மலைக்கு ஜீப்பில் போனபோது இதைச் சொல்லிவிட்டு, "நம்ம மலையில அது நடக்காது நாத்தனாரே. பத்தடிக்கு ஒரு வளைவு, மான் பொழச்சுக்கும்" என்று சிரித்தார்.

சிரிக்காமல் சொன்னது படிக்கட்டைப் பற்றித்தான். கூடத்தின் பெரிய படியில் குதிரையே ஏறலாம். வேலைக்காரர்களுக்கு மட்டும் சுவருக்குள் இருட்டாக ஒரு குறுகல் படி. விருந்தாளி கண்ணில் பட்டுவிடக் கூடாது. பிரபுக்கள் காலம் போய், ஜனங்கள் சுற்றிப் பார்க்க வரும் இடமான பிறகும் மதினியும் வாளியும் அந்த வழிதான்.

அவர்கள் திரும்பி வந்து இங்கே வீடு கட்டியபோது செலவுக் கணக்கு நான் எழுதினேன். தினமும் அங்கேதான் இருந்தேன். மாடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடம். வேலைக்கு வரும் பெண்கள் முன்வாசலில் நுழைந்து பூஜை அறையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். பின்பக்கம் இரும்புப் படி போடலாம் என்றார் அண்ணன். "எவ எந்த நாள்ல வர்றான்னு யாரு கண்டா? சாமி இருக்கிற எடம்."

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அங்க இன்னமும் வேட்டைக்கு முன்னாடி நாய்களை நடுவாசல்ல நிறுத்தி சர்ச்சு சாமியார் தீர்த்தம் தெளிப்பார். நான் சுவத்துக்குள்ள ஏறினேன். என் வீட்ல அது வேணாம்."

இரும்புப் படியைக் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொன்னார் அண்ணன்.

கருமாதி முடிந்த மறுநாளே இரும்புப் படி வந்து இறங்கியது. பின்சுவரில் பொருத்தியும் ஆயிற்று. வேலைக்கு வந்த பேச்சியும் மற்றப் பெண்களும் முன்வாசலிலேயே நின்றார்கள். நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்தப் படில ஏற, ஆத்தா?" என்றாள் பேச்சி.

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் ஆசாரம் உண்டு, தீட்டு பார்க்கிறவள்தான்.

"எப்பவும் போல இங்கிட்டு வா" என்றேன்.

அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் நான் போகாவிட்டால் அவர்களைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார். மதினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் கொடுத்து வைத்திருந்த அந்த வீட்டு முன்வாசல் சாவி. விடிந்ததும் என் வீட்டுச் சோலியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறேன், பேச்சி வருவதற்குள் கதவைத் திறந்துவிட வேண்டுமே என்று.